வாகனமும் ஓர் அமானிதமே

விடுமுறையில் வளைகுடா நாடுகளிலிருந்து ஊர் திரும்பும் சகோதரர்கள் கார் வாங்குவது இன்று காயல்பட்டினத்தில் புதுமையன்று. எந்த நிறுவனத்தின் வண்டி, என்ன நிறம், எத்தனை ஏர்பேக் என்றெல்லாம் மாதக்கணக்கில் ஆராய்கிறோம். வாங்கிய பின் அதனை யாரிடம் பழுது பார்க்கக் கொடுப்பது என்ற கேள்விக்கோ அரை நிமிடம்கூட ஒதுக்குவதில்லை. "மச்சானுக்குத் தெரிந்த இடம்", "பள்ளியில் பார்த்துப் பழகிய முகம்", "நம்மவர்தானே" என்பவற்றுள் ஏதேனும் ஒன்று போதுமானதாகி விடுகிறது.

எமக்கும் அதுவே போதுமானதாக இருந்தது. சில ஆண்டுகளுக்கு முன், எமது வீட்டுக் காரின் முன்சக்கர பிரேக் பேட்களை மாற்றியதாக ஓர் ஒர்க்ஷாப்பில் பில் தந்தார்கள். பணத்தை எண்ணிக் கொடுத்தோம். கழற்றிய பழைய பேட்களைக் காட்டுங்கள் என்று கேட்க நா எழவில்லை. கேட்டால் சந்தேகப்படுவதாக நினைத்து விடுவாரே என்ற கூச்சம். மூன்று வாரங்கள் கழிந்தன. நோயுற்றிருந்த உம்மாவைத் தூத்துக்குடி மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றபோது, ஆத்தூரை நெருங்குகையில் பிரேக்கை மிதித்தால் இரும்போடு இரும்பு உரசும் ஓசை எழுந்தது. கியரைக் குறைத்துக் குறைத்து வண்டியை ஊர்ந்து செலுத்தி, முக்காணிக்கு அருகே சாலையோரப் பட்டறை ஒன்றில் நிறுத்தினோம். சக்கரத்தைக் கழற்றிய முதியவர் பேட் ஒன்றை எடுத்து எமது உள்ளங்கையில் வைத்தார். உராயும் பகுதி முற்றிலும் தேய்ந்து, வெறும் தகடு மட்டுமே மிஞ்சியிருந்தது. புதிய பேட் மூன்று வாரத்தில் அந்நிலைக்கு வராது. அது மாற்றப்படவே இல்லை.

அம்முதியவர் தம் உதவியாளரை ஆறுமுகநேரிக்கு அனுப்பிப் புதிய பேட் வாங்கி வரச் செய்தார். உம்மாவுக்கு நாற்காலி போட்டு மின்விசிறியைத் திருப்பி வைத்தார். உறையில் அச்சிட்டிருந்த விலையும், கூலியாக முந்நூறு ரூபாயும் மட்டுமே பெற்றுக்கொண்டார். அவர் நெற்றியில் திருநீறு இருந்தது. பில் எழுதி எம்மை ஏமாற்றியவரோ எமது சஃப்பில் நின்று தொழுபவர்.

இதனை எழுதலாமா என்று தயங்கினோம். ஆயினும் சொல்லத்தான் வேண்டும். நம் சகோதரரின் தொழிலுக்குக் கைகொடுப்பது நன்மையே. ஆனால் 'நம்மவர்' என்பது தொழில் திறமைக்கும் நேர்மைக்கும் மாற்றாகாது. அளவையில் மோசடி செய்வோரைக் கண்டிப்பதற்கென்றே 'அல்முதஃப்ஃபிஃபீன்' எனும் பெயரில் தனி அத்தியாயம் குர்ஆனில் உண்டு. மாற்றாத பேட்டுக்குப் பில் போடுவதும் அளவையில் குறைப்பதுதான். நமது ஊரிலேயே நேர்மையாக உழைக்கும் மெக்கானிக்குகள் பலர் உள்ளனர். நாம் பார்த்துத் தேர்ந்தெடுக்காமல் விடும்போது முதலில் நட்டமடைவோர் அவர்களே.

கேள்வி கேட்பது அவநம்பிக்கையாகாது. குர்ஆனின் மிக நீண்ட வசனம் (2:282) கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பதைப் பற்றியது அல்லவா? எனவே வேலைக்கு முன் மதிப்பீட்டை எழுதிக் கேளுங்கள். கூடுதல் வேலை ஏதேனும் தென்பட்டால் தொலைபேசியில் கேட்ட பின்பே செய்யச் சொல்லுங்கள். கழற்றிய பாகங்களையும் புதிய பாகத்தின் உறையையும் கேட்டு வாங்குங்கள். புதிய ஒர்க்ஷாப் ஒன்றை ஆயில் மாற்றுவது போன்ற சிறு வேலையில் சோதித்துப் பார்ப்பது நல்லது. ஆயில் டப்பாவின் முத்திரையை உங்கள் கண்முன் உடைக்கிறாரா, காரின் கையேட்டில் குறிப்பிட்ட தரத்தைப் பார்க்கிறாரா, அல்லது பேரலிலிருந்து அளந்து ஊற்றுகிறாரா என்பதிலேயே பாதி விடை கிடைத்து விடும். "இதை இப்போது மாற்றத் தேவையில்லை" என்று சொல்லித் தம் வருமானத்தைத் தாமே தள்ளிப் போடுபவர் கிடைத்தால் விட்டு விடாதீர்கள். (உத்தரவாதக் காலம் முடியும்வரை நிறுவனத்தின் சேவை நிலையமே பாதுகாப்பு.)

வெளிநாட்டிலிருக்கும் சகோதரர்களுக்குத் தனியே ஒன்று. "வண்டி ஷெட்டில்தானே நிற்கிறது, சர்வீஸ் எதற்கு?" என்கிறீர்கள். பல பெட்ரோல் கார்களுக்குப் பத்தாயிரம் கிலோமீட்டர் அல்லது ஓராண்டு, இவற்றுள் எது முந்துகிறதோ அதுவே சர்வீஸுக்கான கணக்கு. நின்ற வண்டியிலும் ஆயில் கெடும். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். நமது கடற்காற்றின் உப்பு அடித்தகட்டை அரிக்கும், எலிகள் ஒயரைக் கடிக்கும். டயரின் பள்ளம் ஆழமாகத் தெரிந்தாலும் ரப்பர் இறுகியிருக்கலாம். அதன் பக்கவாட்டில் 2319 என்று இருந்தால் அது 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் தயாரானது என்று பொருள். பத்து மாதம் நின்ற காரில் விமான நிலையத்திலிருந்து குடும்பத்தோடு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பயணிக்குமுன் இதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

2023 டிசம்பரில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை பெய்த நமது ஊரில் வெள்ளத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. நீரில் மூழ்கிய காரின் சாவியைத் திருப்பவே கூடாது. சிலிண்டருக்குள் புகுந்த நீரை அழுத்த இயலாமல் உள்ளிருக்கும் கனெக்டிங் ராடு வளைந்துபோகும். எஞ்சினுக்கான கூடுதல் காப்பீடு எடுத்திராவிட்டால் அந்தச் செலவு பெரும்பாலும் நம் தலையில்தான் விழும். பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு வண்டியை இழுத்துச் செல்ல ஏற்பாடு செய்யுங்கள்.

மெக்கானிக்கின் பக்கமும் நின்று பார்ப்போம். வியர்வை உலருமுன் கூலி கொடுக்கப் பணிக்கப்பட்டவர்கள் நாம். "மாதக் கடைசியில் பணம் வரும் காக்கா" என்று சொல்லிச் சாவியை வாங்கிச் செல்வோர் நம்மில் எத்தனை பேர்! பழைய கீறலையும் விபத்துக் கணக்கில் சேர்த்து இன்சூரன்ஸுக்குப் பில் போடச் சொல்லி வற்புறுத்துவோரும் நாம்தான். அப்படி ஒரு பொய்க்கு அவரைப் பழக்கிவிட்டு, நம்மிடம் மட்டும் அவர் உண்மையாக நடக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது எவ்வகையில் நியாயம்?

எமது காரில் இப்போது நாற்பது பக்க நோட்டு ஒன்று உள்ளது. தேதி, கிலோமீட்டர், மாற்றிய பாகம், கொடுத்த தொகை ஆகியவை அதில் இருக்கும். நாம் ஊரில் இல்லாவிட்டாலும் வீட்டுப் பெண்கள் அதைப் பார்த்தே பேசிக்கொள்வார்கள். சென்ற மாதம் முக்காணிப் பெரியவரே பேனாவை வாங்கி அதில் ஒரு வரி எழுதினார்: "பின் பிரேக் ஷூ இன்னும் ஒரு வருடம் தாங்கும். இப்போது வேண்டாம்."