பொறிக்குரலும் யப்பானிய இளவேனிலும்: ஒரு மறுப்பு

மனிதத் தொண்டையிலே பிறவாத பாடல் பாடலாகாது என்னும் கூற்று இன்று நம்மிடையே ஏறத்தாழச் சூத்திரம் போல வழங்கிவருகின்றது. விடுதி அறையிலே நண்பரொருவர் யப்பானிய இளவேனிற் பாடலொன்றை ஒலிக்கவிட்டபோது, இசையறிவு மிக்கவரெனப் பெயர்பெற்ற மூத்த மாணவர் ஒருவர், “வேனிலைக் கண்டிராத கணினி வேனிலைப் பாடுகிறதாம்!” என்று நகைத்து அகன்றார். அந்நகைப்பினுள்ளே மறைந்துகிடக்கும் கலைக்கொள்கை பிழையானது என்பதே எனது வாதம்.

முதலிலே பொருளைத் தெளிவுபடுத்திக்கொள்ளல் வேண்டும். யமஹா நிறுவனம் 2000ஆம் ஆண்டிலே பார்சலோனாவின் பொம்பேவ் ஃபப்ரா பல்கலைக்கழகத்துடன் இணைந்து தொடங்கிய ஆய்வின் பயனாக வொக்கலோயிட் என்னும் குரலாக்க மென்பொருள் உருவாகி, 2004இல் விற்பனைக்கு வந்தது. சப்போரோ நகரத்துக் கிரிப்டன் நிறுவனம் 2007 ஓகஸ்ட் 31இல் வெளியிட்ட ஹட்சுனே மிக்கு என்னும் குரலே இவற்றுட் பெரும் புகழ் எய்தியது. அக்குரல் ஃபுஜித்தா சக்கி என்னும் நடிகையிடமிருந்து பெறப்பட்டது. அவர் பாடல்களைப் பாடிப் பதிவு செய்தாரல்லர். எழுத்தொலிகள் ஒன்றோடொன்று புணரும் இடங்கள் பதிவாகுமாறு ஒலித்தொடர்களை உச்சரித்தார். பாடலாக்குவோன் சொல்லையும் சுரத்தையும் கணினியில் இட, பொறி அவ்வொலித் துணுக்குகளை இழைத்துக் குரலாக்குகின்றது.

இவ்வளவுதான் என எண்ணுவோர் ஏமாறுவர். இழைத்த குரல் அப்படியே பாடலாகிவிடுவதில்லை. ஓரசையின் தொடக்கத்தைத் தளர்த்தி, இன்னோரசையின் முடிவிலே நடுக்கத்தை ஏற்றி, மூச்சே இல்லாத பொறிக்கு மூச்செடுக்கும் இடைவெளியைக் கற்பித்து, இளைஞனொருவன் இரவிரவாக உழைக்கின்றான். இவ்வுழைப்பினை யப்பானிய ஆர்வலர், விலங்குகளைப் பழக்குதலைக் குறிக்கும் சொல்லாலேயே நெடுங்காலம் வழங்கினர் என்பது சுவையான செய்தி. குரலிலே உயிரில்லை என்போர் இவ்வுழைப்பை எங்கே கணக்கிலெடுத்தனர்? தொழின்முறைப் பாடகரை அமர்த்தவோ ஒலிப்பதிவுக்கூடத்தை வாடகைக்குப் பெறவோ வசதியற்ற பலர், தம் அறையிலிருந்தவாறே பாடலாக்கி, நிக்கோ நிக்கோ என்னும் காணொளித் தளத்திலே பொதுமக்கள் முன்வைக்க வழிவகுத்தது இப்பொறியே. இசைத்தட்டு நிறுவனங்களின் வாயிற்கதவு திறக்குமெனக் காத்துக்கிடந்திருப்பின் அவருட் பலரின் பாடல்கள் மேசை இழுப்பறையிலேயே மடிந்திருக்கும். ‘தூய’ குரலை வேண்டிநிற்போர், யாருக்கு அக்குரல் விலைக்குக் கிடைக்கும் என்ற வினாவை எழுப்புவதேயில்லை.

இனி வேனிலுக்கு வருவோம். யப்பானிலே பாடசாலை ஆண்டு ஏப்பிரிலில் தொடங்கி மார்ச்சில் முடிவுறுகின்றது. சக்குரா பூத்து உதிரும் பருவமும் பிரிவும் புதிய சேர்க்கையும் நிகழும் காலமும் அங்கே நெருங்கி நிற்கின்றன. முதற்பொருளும் உரிப்பொருளும் ஒன்றையொன்று தழுவிநிற்பதை அறிந்த நமக்கு இது விளங்காத செய்தியன்று. 2008இல் ஹலியோசி என்னும் பாடலாக்குநர் மிக்குவின் குரலிலே வெளியிட்ட ‘சக்குரா நோ அமே’ (சக்குரா மழை) இவ்வகையினது; பள்ளி நீங்குவோரின் பாடல். அது பின்னர் சேர்ந்திசையாக அமைக்கப்பெற்று, மெய்யான பாடசாலைகளின் பிரியாவிடை நிகழ்வுகளிலே மெய்யான மாணவர்களாற் பாடப்பட்டது. 2016இல் அதனை அடியாகக் கொண்டு திரைப்படமும் வெளியாயிற்று.

வேனிலைக் கண்டிராதது எவ்வாறு வேனிலைப் பாடும் என்பதே நகைத்தவரின் வினா. யப்பானியக் கவிதை மரபையே அவர் அறியார் என்பதற்கு இவ்வினாவே சான்று. பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே பேரரசரின் ஆணைப்படி தொகுக்கப்பட்ட ‘கொக்கின்ஷூ’ இருபது பகுதிகளை உடையது. அவற்றுள் முதலிரண்டும் வேனிலுக்கே உரியவை. அதனைத் தொகுத்தோருள் ஒருவரான கி நோ த்சுராயுக்கி, அரண்மனைத் திரைத்தட்டிகளில் தீட்டப்பட்ட ஓவியங்களுக்கெனப் பல கவிதைகளை இயற்றியவர். ஓவியத்தில் வரையப்பட்ட மாந்தர் தாமே பேசுவது போல, வரையப்பட்ட மலரை நோக்கிப் பாடுதல் அக்கவிதை வகையின் வழக்கம். மரமும் வரைந்தது, மரத்தடியில் நிற்பவனும் வரைந்தவன், அவன் வாயில் இடப்பட்ட குரலோ அவனுடையதன்று! இதனை ஆயிரம் ஆண்டுகளாக உயர்கலையெனப் போற்றிவிட்டு, வரையப்பட்ட பெண்ணொருத்திக்குக் கணினி வழியாகக் குரல் கொடுத்தவுடன் கலை செத்ததெனப் புலம்புவது எவ்வகை நியாயம்?

மலர் மட்டும் இயற்கையின் தூய பிள்ளையோ? இன்று யப்பானெங்கும் மிகுதியாகக் காணப்படும் சக்குரா, சோமெய் யொஷினோ என்னும் வகையினது. எடோ காலத்தின் பிற்பகுதியிலே பரவத் தொடங்கிய இவ்வகை, விதையாலன்றி ஒட்டுக்கட்டுதலாற் பெருக்கப்படுவது. மரபணு அடிப்படையில் அம்மரங்கள் யாவும் ஒரே மரத்தின் படிகள். ஓரூரின் மரங்கள் யாவும் ஏறத்தாழ ஒருசேரப் பூத்து ஒருசேர உதிர்வதற்கு இதுவே காரணம். மனிதர் கத்தியாலும் கயிற்றாலும் ஆக்கிய வேனிலைக் கண்டு நெஞ்சுருகலாம், மனிதர் ஆக்கிய குரலைக் கேட்டு உருகலாகாது என்பார் வேறுபாட்டை விளக்கட்டும்.

மெய்த்தொண்டை மெய்யையே பாடும் என்ற நம்பிக்கைதான் இவ்வாதத்தின் வேர். அதற்கும் வரலாறு விடை கூறிவிட்டது. இரண்டாம் உலகப் போரின் இறுதி ஆண்டுகளிலே ‘தோக்கி நோ சக்குரா’ என்னும் படைப்பாடல், ஒன்றாகப் பயின்ற வீரரை ஒருசேர உதிரும் மலர்களாக்கிற்று. 1945இல் மனிதனை உள்ளே இருத்தி எதிரிக் கப்பல்மீது மோதவிட்ட தற்கொலை விமானத்துக்குச் சூட்டப்பட்ட பெயர் ‘ஒக்கா’. சக்குரா மலர் என்பதே அதன் பொருள். சாவை அழகெனப் பாடிய குரல்கள் யாவும் மூச்சும் குருதியுமுள்ள குரல்களே. இருபது வயதினரைச் சாவுக்கு அனுப்பிய அப்பாடலைவிட, பள்ளித் தோழரைப் பிரிவதற்கு அஞ்சும் பொறிக்குரற் பாடல் எனக்கு நேர்மையுடையதாகத் தோன்றுகின்றது.

பொறிக்குரற் பாடல் யாவும் குற்றமற்றவை என்று வாதிட நான் வரவில்லை. நீண்ட கூந்தலும் பதினாறு வயதுமாக வரையப்பட்ட பெண்ணுருவைப் பண்டமாக்கி விற்கும் வணிகம் வெறுக்கத்தக்கதே. 2011இல் வெளியான ‘சென்பொன்சக்குரா’, பழைய யப்பானின் அணிகலன்களைக் காட்சிப்பொருளாக்கி மினுக்குகின்றது. அதன் வேகம் என்னைக் கவர்ந்தபோதும் அதன் மினுக்கம் உவப்பளிக்கவில்லை. (2015இன் ஆண்டிறுதித் தொலைக்காட்சிப் பெருநிகழ்விலே, முதுபெரும் பாடகி கோபயாஷி சச்சிக்கோ அதனைப் பாடினார். மனிதக் குரல் பொறியிடம் கடன்பெற்ற காட்சி அது!) சில சொற்களைக் கொடுத்த மாத்திரத்தே பாட்டு, மெட்டு, குரல் யாவற்றையும் கக்கும் அண்மைக்காலப் பொறிகளையும் இவற்றோடு ஒன்றாக எண்ணுதல் தவறு. அங்கே ஓரசையின் நடுக்கத்துக்காக இரவு முழுதும் விழித்திருந்தவர் எவருமில்லை. எதிர்ப்போர் தம் அம்பினை அத்திசையிலே தொடுப்பாராயின் நானும் உடன் நிற்பேன்.

மார்ச் மாதத்திலே ஒரு பாடசாலை மண்டபம். ‘சக்குரா மழை’யை மாணவர் பாடுகின்றனர், இடையிலே சிலருக்குத் தொண்டை அடைத்துக்கொள்கின்றது. இப்பாடலை முதன்முதற் பாடியது ஒரு கணினி, ஆகவே உங்கள் கண்ணீர் செல்லாது என்று அம்மேடையருகே போய் உரைக்க, நகைத்து அகன்ற அந்நண்பர் ஆயத்தமா?