க்ரீன் டீயும் எங்க வீட்டு ஹீமோகுளோபினும்

மக்களே, இன்னிக்கு மொக்கை கிடையாது. கொஞ்சம் கோபமான பதிவு.

புனேக்கு வந்து பதினோரு வருஷமாச்சு. வந்த புதுசுல ஞாயித்துக்கிழமை நாலு தமிழ்க் குடும்பம் கூடினா ஊர்க்கதை, இட்லி அரிசி எந்தக் கடையில நல்லா இருக்கு, பசங்களுக்குத் தமிழ் எழுத வரலையேங்கற கவலை, இவ்வளவுதான் பேச்சு. இப்போ தொப்பையைத் தவிர வேற பேச்சே இல்லை. போன மாசம் ஒரு நண்பர் வீட்டில் சாப்பாடு. பாயசம் குடிச்ச டம்ளர் காயறதுக்குள்ள ஆளுக்கொரு கோப்பை க்ரீன் டீ வந்தது. "குடிங்கண்ணா, சாப்பிட்டதெல்லாம் கரைஞ்சிடும்" என்றார் நண்பரின் மனைவி. எனக்குச் சுருக்கென்றது. ஏன்னா, இதே வசனத்தைச் சொல்லி எங்க வீட்டில் க்ரீன் டீயை நுழைச்ச மகானுபாவன் அடியேன்தான்.

முதலில் இந்தக் 'கரையும்' சமாச்சாரத்தைப் பார்ப்போம். எண்ணெய்ப் பிசுக்கு ஏறின வாணலியில் வெந்நீர் ஊத்தினா பிசுக்கு போகும். நம்ம வயிறு வாணலி இல்லை சாமி. கொழுப்பு செல்லுக்குள்ளே இருக்கு. தொண்டையில் ஊத்தற எதுவும் அதை நேரா போய்க் கழுவாது.

ஆனா இந்தப் பேச்சு சும்மா கிளம்பலை. க்ரீன் டீயில் கேட்டசின் என்கிற பொருட்கள் இருக்கு. அதில் முக்கியமானது ஈஜிசிஜி. உடம்பைச் சுறுசுறுப்பாக்கும் நார்அட்ரினலினைச் சிதைக்கிற நொதியை இது தாமதப்படுத்தும். கூடவே இருக்கிற காஃபீனும் கை கொடுக்கும். 1999ல் ஜெனீவாவில் 10 ஆண்களை ஓர் அறைக்குள் வைத்து அளந்து பார்த்தார்கள். க்ரீன் டீ சாற்றை எடுத்துக்கொண்ட நாளில் அவங்க உடம்பு செலவழிச்ச சக்தி சுமார் 4 சதவீதம் கூடியது. அதாவது 80 கலோரிக்குப் பக்கம். நம்ம கணக்கில் ஒண்ணரை இட்லி!

அந்த ஒண்ணரை இட்லி மாசக்கணக்கில் எடையைக் குறைக்குமா? 2012ல் காக்ரேன் குழு, குண்டானவர்களிடம் நடந்த 18 ஆய்வுகளைச் சேர்த்துப் பரிசீலிச்சது. ஜப்பானில் நடந்தவற்றில் முடிவுகள் 200 கிராமிலிருந்து மூணரை கிலோ வரைக்கும் தாறுமாறா இருந்தன. ஜப்பானுக்கு வெளியே நடந்தவற்றின் சராசரி என்ன தெரியுமா? 40 கிராம். அதுவும் தற்செயலா இருக்கலாம்னு ஒதுக்கற அளவுதான்.

"எங்க ஆபீஸ்ல ஒருத்தர் க்ரீன் டீயிலேயே நாலு கிலோ குறைச்சாரே" என்பீர்கள். குறைச்சிருப்பார். முன்னாடி நாலு வேளை, வேளைக்கு ரெண்டு ஸ்பூன் சர்க்கரை போட்டு டீ குடிச்சிருப்பார். எட்டு ஸ்பூன் சர்க்கரைன்னா 160 கலோரி. ஜெனீவா கணக்கைப் போல இரண்டு மடங்கு. போட்ட இலை செஞ்ச வேலை இல்லை ஐயா, போடாத சர்க்கரை செஞ்ச வேலை.

சரி, பலன் இல்லைன்னா போகட்டும், குடிச்சிட்டுப் போறாங்க, உனக்கென்ன கோபம்? சொல்றேன்.

ரெண்டு வருஷம் முன்னாடி தங்கமணிக்கு மூணு மாடி ஏறினா மூச்சு வாங்கியது. நான்தான் பெரிய டாக்டர் ஆச்சே. "வெயிட் போட்டுட்டே, அதான்" என்றேன். டப்பா டப்பாவாக க்ரீன் டீ வாங்கி வந்தேன். மதியம் சாப்பிட்டதும் ஒண்ணு, ராத்திரி சாப்பிட்டதும் ஒண்ணு. ஆறு மாசம் கழிச்சு ரத்தப் பரிசோதனை எடுத்தா ஹீமோகுளோபின் 8.4. டாக்டரம்மா இந்தியில் ஒரே கேள்விதான் கேட்டார்: "சாப்பாட்டோட டீ குடிக்கிறீங்களா?"

காரணம் டீ மட்டும் இல்லை. மாதவிடாயில் அதிக ரத்தப்போக்கு, காய்கறிச் சாப்பாட்டில் இரும்பு போதாமை எல்லாம் சேர்ந்ததுதான். ஆனா கீரையிலும் பருப்பிலும் இருந்து கிடைக்கிற கொஞ்சநஞ்ச இரும்பையும் உடம்பு உறிஞ்ச விடாமல் டீ கெடுத்துக்கிட்டு இருந்திருக்கு. பால் டீயும் அதையேதான் செய்யும். அதைவிடக் கொடுமை, டாக்டர் தந்த இரும்பு மாத்திரையையும் அவள் முதல் ரெண்டு வாரம் க்ரீன் டீயோடதான் முழுங்கியிருக்கிறாள். நல்லதுன்னு நான் சொன்னேனே!

2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்புப்படி 15 முதல் 49 வயதுக்குள் இருக்கும் இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பாதிக்கு மேல! இப்படிப்பட்ட நாட்டில் சாப்பாட்டுக்குப் பின்னாடி இதைக் குடின்னு பெண்களுக்குச் சொல்லி விக்கிறது அநியாயம் இல்லையா? சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் டீ, காபி வேண்டாம் என்று ஐசிஎம்ஆர் 2024ல் வெளியிட்ட உணவு வழிகாட்டியிலேயே இருக்கு. டப்பாவில் அதைப் போட்டு நான் பார்த்ததில்லை.

மாத்திரை ஆசாமிகள் இன்னொரு ரகம். கோப்பையில் இறங்குவது கொஞ்சம்தான்; கேப்சூலில் செறிவூட்டி அடைக்கிறார்கள். சப்ளிமென்ட் மூலம் ஒரு நாளைக்கு 800 மில்லிகிராமும் அதுக்கு மேலும் ஈஜிசிஜி எடுத்தால் கல்லீரல் பாதிப்பின் அறிகுறிகள் தெரிவதாக ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018ல் சொன்னது. 2022ல் அங்கே சட்டமே வந்தது: அளவு 800க்குக் கீழே இருக்கணும், வெறும் வயிற்றில் சாப்பிடாதேன்னு லேபிளில் எழுதணும். இங்கே ஞாயிற்றுக்கிழமை சந்திப்புகளில் அக்கா, அண்ணான்னு உறவு சொல்லி அதையே கையில் திணிக்கிறாங்க. ஊரை விட்டு வந்தவனுக்கு அந்த உறவு பெருசு. அதான் வேண்டாம்னு சொல்ல வாய் வரமாட்டேங்குது. இனிமே சொல்லுங்க.

பிடிச்சிருந்தா தாராளமா க்ரீன் டீ குடிங்க. சாயங்காலம், சாப்பாட்டுக்குத் தள்ளி, ருசிக்காக. வீட்டில் யாருக்காவது மூச்சு வாங்கினா தொப்பையைப் பார்க்காதீங்க, ரத்தத்தைப் பாருங்க.

டிஸ்கி: தங்கமணிக்கு இப்போ 12.1. இரும்பு மாத்திரை எலுமிச்சை ஜூஸோட. அலமாரியில் இன்னும் மூணு டப்பா க்ரீன் டீ இருக்கு. அதைப் பார்க்கும்போதெல்லாம் அவள் என்னைப் பார்க்கிற பார்வை இருக்கே... அதுதான் கரைக்குது.