கதவு பூட்டியிருந்ததாம்

எங்கள் காலனிக்கு வந்த புத்தகப் பார்சல் ‘கதவு பூட்டியிருந்தது’ என்று எழுதித் திருப்பப்பட்டிருக்கிறது தோழர்களே. எந்தக் கதவு? எங்கம்மா காலையிலிருந்து வாசல்லதான் உட்கார்ந்திருந்தது. ஊர்த்தெரு முனையோடு வண்டி திரும்பிடும். சேரிக்காரன் ஆபீசுக்கு வந்து கும்பிட்டு வாங்கிக்கணும். வங்கியில் முத்திரை குத்துகிறவன் நான். போகாத இடத்துக்குப் போனதாக எழுதினால் அதற்குப் பெயர் பொய்க்கணக்கு. (நிரந்தர ஊழியராகக்கூட ஆக்கப்படாத கிராமத் தபால்காரர் மேல் மட்டும் பழிபோட நான் வரல.)

புகார் கொடுக்கலாமா? தானாக ஏற்றது தவிர வேறு பொறுப்பு அரசுக்கில்லை என்றது வெள்ளைக்காரனின் 1898 சட்டம். 2024 ஜூனில் அமலான புதுச் சட்டமும் அதையே பத்திரமாக வைத்துக்கொண்டது. துரை போனான், துரைத்தனம் போகல.

2024 டிசம்பரில் பதிவு புக்போஸ்டை நிறுத்தினார்கள். 2025 மே மாதம் ‘க்யான் போஸ்ட்’ வந்தது, 300 கிராமுக்கு 20 ரூபாய். நல்லதுதான். ஆனால் தவணை முறையில் வரும் இதழ்கள் அதில் போகாது. பதிவுபெற்ற பத்திரிகைக்குத் தனிச் சலுகை உண்டு. ‘தனிச்சுற்றுக்கு மட்டும்’ என்று அச்சிடும் நமக்கு அதுவும் கிடையாது.

திரும்பிப்போனது அம்பேத்கர் நூல் தொகுதி. மறுபடி அனுப்பச் சொல்லியிருக்கிறேன். வங்கி முகவரிக்கு அல்ல, காலனிக்கே.