கிழவன் என்று சலாஹ்வை விட்டோம்: எங்கள் ட்ராப்ட் பற்றிய ஒரு மீளாய்வு



2025/26 பிரீமியர் லீக் தொடங்கச் சில நாட்கள் இருக்கும்போது எழுதியது இது. அதற்கு முன்னர் ஒரு நாள் இஷாவுக்குப் பிறகு எங்கள் எட்டுப் பேரின் பேன்டசி ட்ராப்ட் நடக்கும். ஆசிரியர் கலாசாலை விடுதியில் ஒன்றாகக் கிடந்த எட்டுப் பேர் நாங்கள். இன்று எட்டுப் பாடசாலைகளில் இருக்கிறோம். ஒருவர் மாலைதீவில் படிப்பிக்கிறார். கல்யாணம், பிள்ளை, இடமாற்றம், கடன் என்று ஆளுக்கொரு திசையில் போனாலும் வருடத்தில் ஒன்பது மாதம் எங்களைத் தினமும் பேச வைப்பது இந்த விளையாட்டுத்தான்.

கடந்த பருவத்தில் அந்தப் பேச்சே கசந்து போனது. அதனால் இந்த முறை ட்ராப்டுக்கு முன்னர் ஒரு மீளாய்வு தேவை என்று நினைக்கிறோம். பரீட்சை முடிந்ததும் பிள்ளைகளுக்கு வினாத்தாளைத் திருப்பிக் கொடுத்து எங்கே பிழைத்தது என்று காட்டுகிறோம் அல்லவா, அப்படி.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: வழமையான பேன்டசியில் ஆளுக்கு 100 மில்லியன் பவுண் கற்பனைப் பணம் தருவார்கள். விரும்பிய 15 வீரர்களை வாங்கலாம். இலட்சக்கணக்கானோரிடம் ஒரே ஹாலன்ட் இருப்பார். ட்ராப்டில் அப்படியில்லை. பணமும் இல்லை, அணித்தலைவருக்கு இரட்டைப் புள்ளியும் இல்லை. ஒரு லீக்கில் ஒரு வீரர் ஒருவருக்கு மட்டும்தான் சொந்தம். முறை வைத்து ஒவ்வொருவராகத் தெரிவு செய்ய வேண்டும். முதல் சுற்று 1 முதல் 8 வரை போனால் இரண்டாம் சுற்று 8 முதல் 1 வரை திரும்பி வரும். முதலாமவருக்கு 1ஆம், 16ஆம், 17ஆம் தெரிவுகள். எட்டாமவருக்கு 8ஆம், 9ஆம் தெரிவுகள்.

இனி கடந்த வருட முதல் சுற்றைப் பார்ப்போம். ஹாலன்ட், கோல் பால்மர், பில் போடன், சாகா. இந்த வரிசையில் நால்வர் போனார்கள். அப்போது குழுவில் ஓடிய செய்தி இன்னும் எங்கள் போன்களில் இருக்கிறது: "மச்சான், சலாஹ்வுக்கு 32 வயசு. கொன்ட்ராக்டும் முடியப் போகுது. கோச்சும் புதுசு." நாலு பேரும் அதை நம்பினோம். ஐந்தாமவரின் முறை வந்தபோது அவருடைய டேட்டா முடிந்துவிட்டது. ஆள் வராவிட்டால் மிச்சமிருப்பவர்களில் பட்டியலில் மேலே உள்ளவரைக் கணினியே எடுத்துக் கொடுக்கும். அது சலாஹ்வைக் கொடுத்தது. மறுபடி இணைப்பு வந்ததும் அந்த நண்பர் எழுதியது: "யா அல்லாஹ், எனக்கு கிழவனா விழுந்திருக்கான்?"

நடந்தது எல்லோருக்கும் தெரியும். சலாஹ் 29 கோல் போட்டார், 18 கோலுக்கு உதவினார், 344 புள்ளிகள் எடுத்தார். பிரீமியர் லீக் பேன்டசியில் ஒரு பருவத்தில் எவரும் எடுத்திராத புள்ளி அது. அதற்கு முந்திய சாதனையும் 2017/18இல் அவரே வைத்த 303தான்.

நாங்கள் ஆசையோடு எடுத்தவர்களோ? போடன் 2023/24இல் 19 கோல் போட்டு அந்த வருடத்தின் சிறந்த வீரர் விருதுகளை அள்ளியவர். எங்களிடம் வந்த வருடம் 7 கோல். எட்டாம் தெரிவாகப் போன சொன், முந்திய வருடம் 17, எங்கள் வருடம் 7. பால்மர் செப்டம்பரில் பிரைட்டனுக்கு எதிராக முதல் பாதியிலேயே 4 கோல் போட்டு எங்களைத் துள்ள வைத்தார். பிறகு ஜனவரி நடுப்பகுதியிலிருந்து மே 4ஆம் திகதி வரை லீக்கில் ஒரு கோல் கூட இல்லை. 'கோல்' என்று பெயரில் மட்டும் இருந்தது. சாகா டிசம்பர் 21இல் கிறிஸ்டல் பலஸுக்கு எதிரான போட்டியில் தொடைத் தசை கிழிந்து வெளியேறினார். திரும்பி வந்தது ஏப்ரலில்.

இதில் எங்கள் பிழை எது, விதி எது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். சாகாவின் தசை கிழிந்தது யாருடைய பிழையும் அல்ல. போடன் இப்படிச் சரிவார் என்று ஆகஸ்டில் யாரும் சொல்லியிருக்க முடியாது. ஆனால் சலாஹ்வை விட்டது எங்கள் பிழை. 2023/24ஐ ஒரு மோசமான வருடம் என்று நாங்கள் பேசிக்கொண்டோம். அந்த "மோசமான" வருடத்திலும் அவர் 18 கோல் போட்டு 10 கோலுக்கு உதவியிருந்தார். அதுவும் ஆபிரிக்கக் கிண்ணத்துக்குப் போய்க் காயத்தோடு திரும்பிய வருடம். நாங்கள் எண்களைப் பார்க்கவில்லை, பேச்சைக் கேட்டோம். பட்டியலை மட்டும் பார்த்த கணினி வென்றது.

இதே கதை கிறிஸ் வூட்டிலும் நடந்தது. நொட்டிங்ஹாம் பொரஸ்ட்டின் நியூசிலாந்துக்காரர். அவருக்கும் அப்போது வயது 32. முந்திய பருவத்தில் 14 கோல் போட்டவர். எங்கள் ட்ராப்டில் 14ஆம் சுற்றில்தான் போனார், அதுவும் "வேற யாரும் இல்லை" என்று. அந்த வருடம் 20 கோல் போட்டார். பெரிய அணியின் பெயருக்கு நாங்கள் கொடுக்கும் மரியாதையை, சிறிய அணியில் ஒவ்வொரு வாரமும் 90 நிமிடம் விளையாடுகிறவருக்குக் கொடுப்பதில்லை. பேன்டசியில் 60 நிமிடம் நின்றாலே 2 புள்ளி. மென்செஸ்டர் சிட்டியின் வாங்கில் இருக்கும் நட்சத்திரத்துக்கு அதுவும் இல்லை.

அடுத்தது, எந்த நிலை வீரரை எப்போது எடுப்பது என்ற கணக்கு. எட்டுப் பேரில் மூவர் கணித ஆசிரியர்கள். இந்தக் கணக்கை ஒருவரும் போடவில்லை.

ஒவ்வொருவரும் 2 கோல் காப்பாளர், 5 பின்கள வீரர், 5 மத்தியகள வீரர், 3 முன்கள வீரர் எடுக்க வேண்டும். எட்டுப் பேருக்கு 16 கோல் காப்பாளர். லீக்கில் 20 அணிகள், ஆகவே தொடர்ந்து விளையாடும் கோல் காப்பாளர்கள் 20 பேர். எல்லோரும் இரண்டு எடுத்த பிறகும் நாலு பேர் சும்மா கிடப்பார்கள். முன்களத்தைப் பாருங்கள். எங்களுக்கு வேண்டியது 24 பேர். பெரும்பாலான அணிகள் ஒரேயொரு முன்கள வீரரோடு தொடங்குகின்றன. ஆகவே உறுதியாக விளையாடும் முன்கள வீரர்கள் எல்லோருக்கும் மும்மூன்று வராது. பஞ்சம் அங்கேதான்.

நாங்கள் செய்தது தலைகீழ். ஒருவர் மூன்றாம் சுற்றிலேயே ஆர்சனலின் ரயாவை எடுத்தார். 2023/24இல் 16 போட்டிகளில் கோல் விடாமல் தங்கக் கையுறை வென்றவர் என்பது காரணம். ரயா பிழையில்லை. கடந்த பருவத்திலும் 13 போட்டிகளில் கோல் விடவில்லை. ஆனால் அதே 13ஐ எடுத்து விருதைப் பகிர்ந்துகொண்ட பொரஸ்ட்டின் செல்ஸ் எங்கள் ட்ராப்டில் தெரிவாகவே இல்லை. செப்டம்பரில் ஒருவர் இலவசமாக எடுத்தார். மூன்றாம் சுற்றில் ரயாவை எடுத்தவர் இழந்தது ஒரு நல்ல முன்கள வீரரை. ஒரு வீரர் எத்தனை புள்ளி எடுப்பார் என்பது பாதிக் கேள்விதான். அவரை விட்டால் அந்த நிலையில் மிச்சமிருப்பவர் எத்தனை எடுப்பார் என்பது மற்றப் பாதி. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் அந்த வீரரின் உண்மையான விலை.

மூன்றாவது, வேவர். காயமடைந்தவரை விட்டுவிட்டு, யாரும் எடுக்காத வீரருக்கு விண்ணப்பிக்கும் முறை அது. இருவர் ஒருவரையே கேட்டால் லீக்கில் கீழே இருப்பவருக்கு முன்னுரிமை. அமெரிக்க உதைபந்தாட்ட லீக் 1936இல் தொடங்கிய ட்ராப்டிலும் இதே நியாயம்தான்: பலவீனமான அணிக்கு முதல் தெரிவு. பேன்டசி ட்ராப்டும் 1963இல் ஓக்லன்டில் சில நண்பர்கள் கூடித் தொடங்கியதுதான்.

ஆனால் எங்களில் கீழே இருந்தவர்களே வேவரைப் பயன்படுத்தவில்லை. வேவர் மூடுவது அணியை உறுதிப்படுத்தும் கடைசி நேரத்துக்கு 24 மணித்தியாலம் முன்னர். சனிக்கிழமை முதல் போட்டி என்றால் எங்கள் நேரப்படி பெரும்பாலும் வெள்ளி பிற்பகல். ஜும்ஆ முடிந்து, சாப்பிட்டு, சற்றுச் சரிந்தால் போச்சு. மேலே இருந்தவர்கள் வியாழன் இரவே போட்டு வைத்தார்கள். ட்ராப்ட் ஒரு நாள் வேலை, வேவர் ஒன்பது மாத வேலை. பாடக் குறிப்பு எழுதுவது மாதிரி, வாரா வாரம் செய்தவர்தான் தப்பினார்.

இனி, இந்தப் பதிவை எழுத வைத்த விடயம்.

கடந்த வருடம் முதன்முறையாக ஆளுக்கு 2,000 ரூபா போட்டோம். மொத்தம் 16,000. முதலாமவருக்கு முழுவதும். "ஒரு சுவாரசியத்துக்கு" என்றுதான் தொடங்கினோம். ஏப்ரலில் கடைசி இடத்தில் இருந்தவர், நன்றாக விளையாடிக்கொண்டிருந்த ஒரு முன்கள வீரரை இரண்டாம் இடத்தில் இருந்தவருக்குக் கொடுத்து, வாங்கில் இருக்கும் ஒருவரை வாங்கினார். வீரர் பரிமாற்றத்தைத் தடுக்கும் அதிகாரத்தை எங்கள் லீக்கில் நாங்கள் யாருக்கும் வைத்திருக்கவில்லை. முந்திய வருடங்களில் என்றால் சிரித்து, கேலி செய்து விட்டிருப்போம். 16,000 ரூபா நடுவில் கிடந்ததால் அது "களவு" ஆனது. இரண்டு பேர் குழுவிலிருந்து வெளியேறினார்கள். அதில் ஒருவரின் வலீமாவுக்கு நாங்கள் எல்லோரும் ஒரே வேனில் போனவர்கள்.

அதை விடப் பெரியது வகுப்பறையில் நடந்தது. எங்களில் ஒருவரின் தரம் 10 மாணவர்கள் ஆளுக்கு 100 ரூபா போட்டு லீக் ஒன்று நடத்துவது தெரிய வந்தது. கூப்பிட்டு விசாரித்தபோது ஒரு பையன் மிக மரியாதையாகக் கேட்டான்: "சேர், நீங்களும் காசு கட்டித்தானே விளையாடுறீங்க?" அவருக்குப் பதில் வரவில்லை. எங்கள் குழுவில் அதைப் போட்டபோது எங்களில் ஒருவருக்கும் பதில் வரவில்லை.

மார்க்கத் தீர்ப்புச் சொல்ல நாங்கள் மௌலவிமார் அல்ல. ஆனால் எல்லோரும் காசு போட்டு ஒருவர் அள்ளிக்கொண்டு போவதற்கு என்ன பெயர் என்று இஸ்லாம் பாட வேளையில் நாங்களே படிப்பிக்கிறோம். "இது திறமை, சூது அல்ல" என்று எங்களில் சிலர் வாதாடினோம். மேலே எழுதிய மீளாய்வை இன்னொரு முறை வாசித்துப் பாருங்கள். டேட்டா முடிந்தவர் சாம்பியன். தொடைத் தசை கிழிந்ததால் ஒருவர் ஆறாம் இடம். எங்கள் திறமை எங்கே இருந்தது? திறமையே இருந்தாலும் நடுவில் கிடக்கும் காசு மாறப் போவதில்லை. "அப்ப தோற்றவர் எல்லோருக்கும் புரியாணி போடட்டும்" என்பது இன்னொரு யோசனை. அதுவும் அதே பந்தயம்தான், சட்டியில் வந்தால் பெயர் மாறாது.

வென்ற நண்பர் இன்று வரை அந்த 16,000ஐ வாங்கவில்லை. "முதல்ல முடிவெடுங்க" என்றார். எங்கள் கருத்து இதுதான்: போட்டவர்களுக்கே ஆளுக்கு 2,000 திரும்பிப் போகட்டும். இந்தப் பருவத்தில் காசு இல்லை. மே மாதம் கடைசிப் போட்டி முடிந்ததும் எல்லோரும் சம பங்கு போட்டு ஒரு நாள் கூடிச் சாப்பிடுவோம். முதலாமவரும் கடைசியானவரும் ஒரே சகனில்.

பரிமாற்றத்துக்கு இனி எல்லோரின் சம்மதமும் வேண்டும். தெரிவில், வயதைப் பார்க்காமல் விளையாடிய நிமிடங்களைப் பார்ப்போம். உறுதியாக விளையாடும் இரண்டு முன்கள வீரர்களை முதல் ஆறு சுற்றுக்குள் எடுப்போம். களத்தில் ஒரு முன்கள வீரர் இருந்தாலே போதும் என்பதால் மூன்றாமவருக்காக அவசரப்படத் தேவையில்லை. கோல் காப்பாளர் கடைசியில். இந்தப் பருவம் பின்கள வீரர் ஒருவர் பந்தை அகற்றுதல், தடுத்தல், இடைமறித்தல், பறித்தல் என்று ஒரு போட்டியில் 10 செய்தால் 2 புள்ளி என்ற புதிய விதியும் வந்திருக்கிறது. ஆகவே கோல் வாங்கும் சிறிய அணிகளின் நடுப் பின்கள வீரர்களையும் குறித்து வையுங்கள். பெயர் வாயில் நுழையாத ஆட்கள்தான் அதில் கூட வருவார்கள்.

குழுவை விட்டுப் போன இரண்டு பேருக்கும் இந்தப் பதிவு போய்ச் சேரும் என்று தெரியும். உங்கள் இரண்டு இடங்களையும் வேறு யாருக்கும் கொடுக்கவில்லை. வாங்க மச்சான்மாரே. முதல் தெரிவும் இரண்டாம் தெரிவும் உங்களுக்கே.

டேட்டாவை மட்டும் போட்டுக்கொண்டு வாருங்கள்.