எட்டாத பொத்தான்

வங்கியின் வாடிக்கையாளர் இதழில் வீடியோ கேம் கன்ட்ரோலரைப் பற்றி ஒரு கட்டுரையா என்று வாசகர்கள் சிலர் புருவம் உயர்த்தக்கூடும். காரணம் எளியது. கோடை விடுமுறை நெருங்கும்போதும் தீபாவளிக்கு முந்தைய வாரங்களிலும், கேம் கன்சோல் வாங்கத் தவணை வசதி உண்டா என்று கேட்டு என் மேசைக்கு வரும் பெற்றோர் ஆண்டுதோறும் கூடிவருகின்றனர். கன்சோலின் விலை, தள்ளுபடி, தவணைகளின் எண்ணிக்கை, எந்த அட்டைக்கு எவ்வளவு சலுகை என்பவற்றை எல்லாம் அவர்கள் விரல் நுனியில் வைத்திருக்கின்றனர். ஆனால் குழந்தை மணிக்கணக்கில் கையில் பிடிக்கப்போகும் கன்ட்ரோலரைப் பற்றி அவர்களுள் ஒருவரும் இதுவரை என்னிடம் பேசியதில்லை. அது பெட்டிக்குள்ளேயே வருகிறது; வருவதை வைத்துக்கொள்ள வேண்டியதுதான் என்பது பொதுவான எண்ணம். செருப்பு வாங்கச் சென்றால் காலை அளக்கும் நாம், இதற்கு மட்டும் கையை அளப்பதில்லை.

பெட்டிக்குள் வருவது எல்லோர் கைக்கும் பொருந்தும் என்பது உண்மையன்று என்பதை, அதைச் செய்யும் நிறுவனங்களே பட்டுத்தான் அறிந்துகொண்டன. 2001 நவம்பரில் மைக்ரோசாஃப்டின் முதல் எக்ஸ்பாக்ஸ் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தபோது, அதனுடன் தரப்பட்ட கன்ட்ரோலர் அளவுக்கு மீறிப் பருத்திருந்தது. ‘ட்யூக்’ என்னும் பட்டப்பெயர் அதற்கு நிலைத்துவிட்டது. அது ஜப்பானில் எடுபடாது என்று கருதிய நிறுவனம், அந்நாட்டுக்கென்றே சிறிய கன்ட்ரோலர் ஒன்றை உருவாக்கியது. ‘அகெபோனோ’ என்பது அதற்கு உள்ளுக்குள் வழங்கிய பெயர். அப்பெயருடையவர் மலைபோன்ற உடலமைப்புக் கொண்ட சுமோ மல்லர். சிறிய பொருளுக்குப் பெரிய மனிதரின் பெயரைச் சூட்டிய குறும்பு யாருடையதோ! நான் சொல்ல வருவது அதுவன்று. ஜப்பானியரின் கைக்காகச் செய்யப்பட்ட அந்தக் கன்ட்ரோலரை அமெரிக்கர்களும் விரும்பினர். விரைவிலேயே அது பெரியதன் இடத்தைப் பிடித்து, எல்லாப் பெட்டிகளிலும் இடம்பெற்றது. சிறிய கையை எண்ணிச் செய்தது பெரிய கைக்கும் சுகமாக இருந்தது.

இதே பாடத்தை 2020-இல் அந்நிறுவனம் வெளிப்படையாகவே கூறியது. அவ்வாண்டு வந்த எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் கன்சோலுக்கான கன்ட்ரோலரை வடிவமைக்கும்போது, சராசரி 8 வயதுக் குழந்தையின் கையை ஒத்த கைகளையும் கணக்கில் எடுத்துக்கொண்டதாக அதன் வடிவமைப்பாளர்கள் தெரிவித்தனர். தோள்பட்டைப் பொத்தான்களின் விளிம்பை உருட்டினர், ட்ரிகர்களைச் சுற்றியுள்ள பகுதியைச் சற்றே குறைத்தனர், பிடியைச் செதுக்கினர். பெரிய கை உடையோருக்கு இதனால் குறை ஏற்படவில்லை என்றும் கூறினர்.

அளவில் ஏற்படும் சில மில்லிமீட்டர் வேறுபாடு கைக்கு எவ்வளவு முக்கியம் என்பதைக் காசாளர் இருக்கையில் அமர்ந்தவர்கள் நன்கு அறிவர். என்னுடையது சிறிய கை. பழைய 500 ரூபாய் நோட்டு 167 மில்லிமீட்டர் நீளமும் 73 மில்லிமீட்டர் அகலமும் கொண்டது. நூறு நோட்டுக் கட்டு ஒன்றை இடக்கையில் மடக்கிப் பிடித்து எண்ணும்போது விரல்கள் விரிந்து நிற்கும். 2016-இல் வந்த புதிய 500 ரூபாய் நோட்டு 150 மில்லிமீட்டர் நீளமும் 66 மில்லிமீட்டர் அகலமும் உடையது. அந்தப் பரபரப்பான வாரங்களில் வரிசையைப் பற்றியும் ஏ.டி.எம். பற்றியுமே நாடு பேசிக்கொண்டிருந்தது. என் கை மட்டும் 7 மில்லிமீட்டர் குறைந்ததை உணர்ந்தது. அதே அளவு மாற்றத்தால், நோட்டைத் தொட்டறியும் பார்வையற்றோர் இடர்ப்பட்டதையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஒரு பொருளின் அளவை மாற்றினால் யாரோ ஒருவர் எளிமை பெறுவார். யாரோ ஒருவர் தவிப்பார்.

அந்த 500 ரூபாய் நோட்டே கன்ட்ரோலர் வாங்குவோருக்கு ஒரு நல்ல அளவுகோலும் ஆகும். குழந்தையின் கையை நிமிர்த்தி வைத்து, மணிக்கட்டு மடிப்பிலிருந்து நடுவிரல் நுனி வரை நோட்டை நீளவாட்டில் வைத்துப் பாருங்கள். நோட்டு கையைத் தாண்டி நீண்டால், கை 15 சென்டிமீட்டருக்கும் குறைவு. அந்தக் கைக்குப் பெட்டியில் வரும் கன்ட்ரோலர் பொருந்துமா என்பதை முயன்று பார்க்காமல் முடிவு செய்யக்கூடாது. கை நோட்டைவிட ஓரிரு சென்டிமீட்டர்தான் நீளம் என்றால், அவர் வயது வந்தவராயினும் அதே எச்சரிக்கை தேவை. பெண்கள் பலர் இவ்வகையினர்.

இனி, ‘சிறிய கன்ட்ரோலர்’ என்றால் என்ன என்று பார்ப்போம். இங்கேதான் பெரும்பாலோர் தவறான அளவைப் பார்க்கின்றனர். கடையில் கன்ட்ரோலரை எடுத்ததும் நம் கண் அதன் மொத்த அகலத்தையே நோக்குகிறது. மொத்த அகலம் சிறிய கைக்குத் தடையே அன்று. நிண்டெண்டோ ஸ்விட்ச் கன்சோலின் ஜாய்-கான் என்னும் இணையைப் பாருங்கள். இரண்டையும் கழற்றி இடக்கையில் ஒன்றும் வலக்கையில் ஒன்றுமாக வைத்துக்கொண்டு, இரு கைகளையும் மடியில் அகல விரித்தபடியே விளையாடலாம். கைப்பேசியின் இருபுறமும் பொருத்தும் கன்ட்ரோலர்களும் அப்படியே. கைப்பேசி பெரிதானால் கைகள் விலகுமேயொழிய விரல்களுக்கு வேலை கூடுவதில்லை. ஒவ்வொரு கையும் தன் பங்குப் பொத்தான்களைத் தானே எட்டவேண்டும் என்பதே கணக்கு.

எட்டவேண்டிய இடங்கள் இரண்டு. முதலாவது கட்டைவிரலின் பயணம். வலக் கட்டைவிரல் நான்கு பொத்தான்களுக்கும் கீழேயுள்ள ஸ்டிக்குக்கும் இடையே ஓயாமல் சென்று வரும். பிடியை மாற்றாமல் தொலைவிலுள்ள பொத்தானைத் தொட முடிகிறதா என்று பார்க்கவேண்டும். இரண்டாவது, ஆட்காட்டி விரல் கன்ட்ரோலரின் தோளைச் சுற்றி வளைந்து ட்ரிகரின் மீது படியும் இடம். பிடி பருமனாக இருந்தால், உள்ளங்கை பின்னுக்குத் தள்ளப்பட்டு, விரல் நுனி மட்டுமே ட்ரிகரைத் தீண்டும். நுனியால் இழுத்து இழுத்து விரல் சலித்துப்போகும். இடப்புற ஸ்டிக்கின் இடத்தையும் கவனிக்கலாம். எக்ஸ்பாக்ஸ் வகையில் அது மேலே, கட்டைவிரல் இயல்பாக ஓய்வு கொள்ளும் இடத்தில் இருக்கிறது. பிளேஸ்டேஷன் வகையில் கீழே, நடுவை நோக்கித் தள்ளி இருக்கிறது. குட்டையான கட்டைவிரலுக்கு முதல் வகையே இதமானது என்பது என் கருத்து. பிளேஸ்டேஷனில் வளர்ந்தவர்கள் இதை ஒப்பமாட்டார்கள். அந்த வழக்கு தீராது.

சந்தையில் ‘மினி’ என்ற பெயரில் வருபவை எல்லாம் இந்த இரண்டு எட்டலையும் சீர்செய்பவை அல்ல. எய்ட்பிட்டோ நிறுவனத்தின் ஜீரோ 2 என்பது 20 கிராம் எடையே கொண்டது, சாவிக்கொத்தில் தொங்கவிடலாம். ஆனால் அதில் ஸ்டிக்குகளே இல்லை. பழைய காலத்து இருபரிமாண விளையாட்டுகளுக்கு அது அருமையான துணை. இன்றைய முப்பரிமாண விளையாட்டுகள் பெரும்பாலானவற்றுக்கு உதவாது. அதே நிறுவனத்தின் எஸ்என்30 ப்ரோவில் இரண்டு ஸ்டிக்குகளும் உண்டு, தடித்த பிடிகள் கிடையாது, மெல்லிய உடல். கணினியிலும் கைப்பேசியிலும் விளையாடும் சிறிய கைக்கு நான் முதலில் எடுத்துக் காட்டச் சொல்வது இந்த வகையைத்தான். ஹோரி நிறுவனம் பிளேஸ்டேஷன் 4-க்கென உரிமம் பெற்று வெளியிட்ட மினி கன்ட்ரோலர், வழக்கமானதைவிட 40 விழுக்காடு சிறியது என்று விளம்பரப்படுத்தப்பட்டது. கம்பியுடன் வருவது, அதிர்வு இல்லாதது. குழந்தைக்கு அது பெரிய இழப்பன்று.

ஆனால் ஒரு பொறி இருக்கிறது. பிளேஸ்டேஷன் 5-ஐ வாங்கிவிட்டு, குழந்தைக்கென்று பிளேஸ்டேஷன் 4-இன் சிறிய கன்ட்ரோலரைத் தேடி வாங்குவோர் உண்டு. பழைய பிளேஸ்டேஷன் 4 விளையாட்டுகளை அந்தக் கன்சோலில் ஆடும்போது மட்டுமே அது பயன்படும். பிளேஸ்டேஷன் 5-க்கென வந்த விளையாட்டுகளை ஏற்காது. எக்ஸ்பாக்ஸும் உரிமம் பெறாத கன்ட்ரோலர்களை ஏற்பதில்லை. ஆகவே ‘எல்லாவற்றிலும் வேலை செய்யும்’ என்று கடைக்காரர் சொன்னால், உங்கள் கன்சோலின் பெயர் பெட்டியின் மேல் அச்சிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அச்சில் இல்லாத உறுதிமொழியை வங்கியிலும் நாங்கள் ஏற்பதில்லை.

இவ்வளவு நுணுக்கம் ஒரு விளையாட்டுச் சாமானுக்குத் தேவையா? தேவை என்றே நினைக்கிறேன். என் தங்கை வீட்டில் 14 வயது மகனும் 8 வயது மகளும் உள்ளனர். விடுமுறையில் சென்றிருந்தபோது இருவரும் கார்ப் பந்தயம் ஆடுவதை அருகிலிருந்து பார்த்தேன். சிறியவள் திருப்பங்களில் எல்லாம் தடுமாறினாள். “இவளுக்கு இது வராது பெரியம்மா, பயந்துபோய்க் கையை எடுத்துடறா” என்றான் அண்ணன். அவளும் அதை மறுக்கவில்லை. அவள் விரல்களைப் பார்த்தால் உண்மை தெரிந்தது. வேகத்தைக் குறைக்கும் ட்ரிகரை எட்டுவதற்காக ஒவ்வொரு முறையும் இடக்கையை முழுவதுமாக மேலே நகர்த்தினாள்; அந்த நொடியில் ஸ்டிக் அவள் கட்டைவிரலிலிருந்து நழுவியது. அது பயமன்று, ஒன்றரை சென்டிமீட்டர் பற்றாக்குறை. அதனை யாரும் அளந்து சொல்லாததால், எட்டு வயதிலேயே ‘எனக்கு இது வராது’ என்ற தீர்ப்பை அவள் தனக்குத் தானே எழுதிக்கொண்டிருந்தாள்.

பியானோ உலகிலும் இந்தக் கதை உண்டு. வழக்கமான பியானோவில் ஓர் எட்டுச்சுர இடைவெளி ஏறத்தாழ 165 மில்லிமீட்டர்; சிறிய கைக்கு அது விரிந்த விரலின் எல்லை. போலந்தில் பிறந்து உலகப் புகழ் பெற்ற ஜோசப் ஹாஃப்மனின் கைகள் சிறியவை. அவருக்கென ஸ்டைன்வே நிறுவனம் சற்றே குறுகிய கட்டைகள் கொண்ட பியானோக்களைச் செய்து கொடுத்தது. மேதைக்குக் கருவியை வளைத்தனர். மற்றவர்களிடம் கையை நீட்டிப் பழகச் சொன்னார்கள்.

பெண்களுக்கும் சிறுவர்க்கும் என்று விற்கப்படும் கன்ட்ரோலர்களில் வண்ணம் மாறியிருக்குமேயன்றி அளவு மாறியிராது என்பதையும் இங்கே குறிப்பிடவேண்டும். இளஞ்சிவப்பு உறையினுள் அதே பருத்த பிடி. வண்ணத்துக்குக் கூடுதல் விலை கொடுக்கவேண்டியதில்லை. எடையையும் கேட்டறிவது நன்று. பிளேஸ்டேஷன் 5-உடன் வரும் டூயல்சென்ஸ் ஏறத்தாழ 280 கிராம். முந்தைய தலைமுறைக் கன்ட்ரோலர் 210 கிராம் அளவில் இருந்தது. ஒரு மணி நேரம் தாங்கிப் பிடிக்கும் சின்னஞ்சிறு மணிக்கட்டுக்கு அந்த 70 கிராம் அற்பமானதன்று.

புதிதாக வாங்கும் முன் செலவில்லாத வழிகள் இரண்டு இருக்கின்றன. இரண்டு பெரிய கன்சோல்களிலும் பொத்தான்களின் வேலையை இடம் மாற்றி அமைக்கலாம். எட்டாத ட்ரிகரின் பணியை எட்டும் பொத்தானுக்குக் கொடுத்துவிடலாம். இரண்டு கன்ட்ரோலர்களை ஒன்றாக இணைத்து, ஒரே ஆட்டக்காரரை இருவர் சேர்ந்து இயக்கும் வசதியும் உண்டு. குழந்தை திசையைப் பார்த்துக்கொள்ள, தாயோ தந்தையோ ட்ரிகரைப் பார்த்துக்கொள்ளலாம். வீட்டில் இருப்பதைக்கொண்டே ஒரு மாதம் இப்படி ஓட்டிப் பார்த்தபின் கடைக்குச் செல்வது உத்தமம்.

கடைக்குச் செல்லும்போது பணத்தைப் பற்றி ஒரு சொல். நல்ல கன்ட்ரோலர் ஒன்றின் விலை 5,000 ரூபாயைத் தாண்டுகிறது. அதனால் அதையும் தவணையில் போடும் வழக்கம் பரவியிருக்கிறது. ‘வட்டியில்லாத் தவணை’ என்ற விளம்பரத்தை நம்பிப் போடுவோர் மிகுதி. பூஜ்ய விழுக்காடு வட்டி என்ற ஒன்றே இல்லை என்று ரிசர்வ் வங்கி 2013-லேயே சுட்டிக்காட்டியிருக்கிறது. ரொக்கமாகக் கொடுத்தால் கிடைக்கக்கூடிய தள்ளுபடி பெரும்பாலும் வட்டியின் இடத்தை நிரப்புகிறது. செயலாக்கக் கட்டணமும் அதன் மீதான சரக்கு சேவை வரியும் தனியே சேர்கின்றன. இச்சிறு தொகைக்கு மூன்று மாதம் உண்டியலில் சேர்த்து வாங்குவதே மலிவு. அந்த மூன்று மாதத்தில் குழந்தையின் கையும் சற்று வளர்ந்திருக்கும் என்பது வேறு செய்தி.

இணையத்தில் வாங்குவதைவிட, மும்பையின் லாமிங்டன் சாலை, தில்லியின் பாலிகா பஜார், சென்னையின் ரிச்சி தெரு போன்ற இடங்களுக்குக் குழந்தையையும் உடன் அழைத்துச் செல்வதே நல்லது. காட்சிக்கு வைத்திருக்கும் கன்ட்ரோலரை வாங்கி அவள் கையில் கொடுங்கள். ஸ்டிக்கிலிருந்து கட்டைவிரலை எடுக்காமல் ட்ரிகரை முழுவதும் அழுத்தச் சொல்லுங்கள். பத்து முறை செய்யட்டும். தொடக் கூடாது, பெட்டியைப் பார்த்து வாங்குங்கள் என்று சொல்லும் கடையாயின் இறங்கி வந்துவிடலாம். அந்தத் தெருக்களில் அடுத்த கடை பத்தடி தூரத்தில்தான் இருக்கிறது.