பொதுச் சாமான்

எனக்குப் புத்தி புகட்டியது ஒரு பழைய பேப்பர்க்காரரின் தராசு.

குடும்பத்தோடு மூன்று நாள், முதுகில் பை சுமந்து, கடலூரிலிருந்து சிதம்பரம் வரை நடந்தே போவது என்று நான் முடிவு செய்திருந்தேன். ‘நான் முடிவு செய்திருந்தேன்’ என்பதைக் கவனியுங்கள். தவறு அந்த வாக்கியத்திலேயே ஆரம்பமாகிவிட்டது. அன்றைக்கு எனக்கு அது தெரியவில்லை.

யோசனையில் பிழை இல்லை. அதை இன்றும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். முதுகுப் பையோடு நடப்பதென்றால் இமயமலைக்குத்தான் போகவேண்டும், அதற்கென்று ஒரு மாதச் சம்பளத்தைக் கொட்டிச் சாமான் வாங்கவேண்டும் என்று நினைப்பவர்கள் ஒரு ரகம். நடப்பது பரதேசியின் காரியம், கார் இல்லாதவன் செய்கிற வேலை என்று நினைப்பவர்கள் இன்னொரு ரகம். என் உறவினரில் இரண்டு ரகமும் உண்டு. இருவருக்கும் நான் சொன்ன பதில் ஒன்றுதான். முதல்முறை நடக்கிற குடும்பத்துக்கு இதைவிடத் தோதான வழி கிடையாது. சுமார் 45 கிலோமீட்டர், நாளுக்குப் பதினைந்து. ஏற்றமில்லை, இறக்கமில்லை. லாரிகள் பறக்கிற பெரிய சாலையை முடிந்தவரை ஒதுக்கிக் கிராமச் சாலைகளில் போகலாம். ரயில் பாதையும் அதிக தூரம் விலகாமல் கூடவே வருகிறது. ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை, கிள்ளை என்று வரிசையாக நிலையங்கள். பிள்ளையின் காலில் கொப்புளம் கண்டால் பாசஞ்சர் ரயிலில் ஏறிவிடலாம். தோற்றுத் திரும்ப வழி இருக்கிற இடத்தில்தான் முதல்முறை துணிய வேண்டும். புதுச்சத்திரம் என்கிற பெயரையே பாருங்கள். நடந்து வந்தவர்கள் படுத்து எழுந்து போன பாதை இது என்பதற்கு வேறென்ன சாட்சி வேண்டும்?

மாதத்தையும் யோசித்துத்தான் தேர்ந்தெடுத்தேன். ஐப்பசி, கார்த்திகையில் மழை. மே மாதத்தில் நடந்தால் மூளை உருகிவிடும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் வந்து பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்த ஜில்லா இது. ஆகவே மார்கழி முடிகிறவரை வானத்தை நம்ப நான் தயாராயில்லை. தை மாதம், பொங்கல் கழிந்த மறு வாரம் என்று குறித்தேன். முதல் இரவு ஆலப்பாக்கத்தில் நண்பர் வீட்டு மொட்டை மாடி. இரண்டாவது இரவு பரங்கிப்பேட்டையில் ஒரு தூரத்து உறவு. பகலில் மரத்தடியில் அடுப்பு மூட்டிச் சமையல். இந்தக் கடைசி வரியை எழுதும்போது ஒரு நாவலாசிரியனுக்கே உரிய பரவசம் எனக்கு உண்டாயிற்று. மரமும் நிழலும் புகையும் கண்ணுக்குத் தெரிந்தன. அடுப்பெதிரே குனிந்திருந்த ஆள் மட்டும் தெரியவில்லை.

பிறகு பட்டியல் போட்டேன். நான்கு பேருக்கு நான்கு பத்தி. ஐந்தாவதாக ஒரு பத்திக்குப் ‘பொது’ என்று தலைப்பு.

பொங்கலுக்கு முன்னால் ஒருநாள் பைகளை ஒத்திகையாகக் கட்டி வைத்திருந்தோம். பேப்பர்க்காரர் வாசலில் நின்றிருந்தார். பன்னிரண்டு வயதான என் மகள் வேடிக்கையாக ஒவ்வொரு பையையும் அவருடைய தொங்கு தராசில் மாட்டச் சொன்னாள்.

“அப்பா பை ஏழு கிலோ. அண்ணன் பை அஞ்சு. என் பை மூணு. அம்மா பை...”

முள் நின்ற இடத்தைப் பார்த்துவிட்டு, கழற்றி இன்னொரு தடவை மாட்டச் சொன்னாள். “பதிமூணரை!”

“இதை மட்டும் எடைக்குப் போட்டுடறீங்களா சார்?” என்று பேப்பர்க்காரர் சிரித்தார். என் மனைவி சிரிக்கவில்லை.

“அதுல முக்கால்வாசி பொதுங்க” என்றாள்.

பிரித்துப் பார்த்தோம். அரிசி, பருப்பு, ரவை, எண்ணெய், புளி, உப்பு, இரண்டு பாத்திரம், கரண்டி, கத்தி, சிறிய அடுப்பு, மருந்துப் பெட்டி, சோப்பு, டார்ச், மகளுக்கு மாற்றுத் துண்டு, மகனுக்குக் குளிர்ச் சட்டை, எனக்கு வேண்டிய மாத்திரை. அவளுக்கென்று இரண்டு புடவையும் ஒரு சீப்பும் இருந்தன.

“மரத்தடியில சமையல்னு எழுதியிருக்கீங்களே, யாருன்னு எழுதலையே?” என்றாள்.

நான் சொன்னதை வெட்கத்தோடுதான் இங்கே பதிவு செய்கிறேன். “உனக்குத்தானே பழக்கம்!”

“பழக்கம்தான். அதனாலதான் சொல்றேன். நீங்க மூணு பேரும் போயிட்டு வாங்க. எனக்கு அதுதான் லீவு.”

குரலை உயர்த்தாமல் சொன்னாள். சண்டையென்றால் பதில் இருந்திருக்கும்; இதற்கு என்னிடம் பதில் இல்லை.

அன்றிரவு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் முதுகில் ஏற்றக்கூடாது என்பது நடந்து பழகியவர்கள் சொல்கிற கணக்கு. என் மனைவியின் எடை 52 கிலோ. அவள் பை நான்கில் ஒரு பங்குக்கும் மேலே போயிருந்தது. என் எடை 75. நான் 15 கிலோ வரை சுமக்கலாம். அதில் பாதிகூடச் சுமக்கவில்லை. பள்ளிப் பிள்ளையின் பை அவன் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்று 2020-ல் மத்திய அரசு ஒரு கொள்கையே வெளியிட்டது. நல்லது. அந்தப் பிள்ளையின் தாய் எவ்வளவு சுமக்கலாம் என்று சொல்ல ஒரு கொள்கையும் வரவில்லை. அவள் முதுகிலிருப்பதற்கு நாம் ‘பொது’ என்று பெயர் வைத்துவிட்டோமே! பொது என்றால் எல்லோருக்கும் சொந்தம். ஆகவே யாரும் தொடவேண்டியதில்லை.

‘எங்கள் வீட்டில் இப்படிக் கிடையாது’ என்று நீங்கள் சொல்லலாம். இருக்கட்டும். நீங்கள் ஊருக்குப் புறப்படும்போது கடைசியில் கதவைப் பூட்டிக்கொண்டு வருகிறவர் யார்? பாலை நிறுத்தச் சொன்னவர், கேஸை மூடியவர், பாட்டிக்கு மூன்று நாளைக்கு மாத்திரை பிரித்து வைத்தவர், தொட்டிச் செடிக்கு ஆள் சொன்னவர் யார்? நீங்கள் வாசலில் நின்று கடிகாரத்தைக் காட்டிக் கூப்பாடு போடுகிற நேரத்தில் உள்ளே நடப்பது என்ன?

சிதம்பரத்துக்குப் போக நினைத்த நந்தனாருக்குத் திருநாளைப்போவார் என்று பெயர். கோபாலகிருஷ்ண பாரதியின் சரித்திரத்தில் பண்ணை முதலாளி கடைசியில் அவரைத் தடுக்கவில்லை. நாற்பது வேலி நிலத்தின் வேலையை முடித்துவிட்டுப் போகச் சொன்னார், அவ்வளவுதான். சாதியின் பெயரால் நடந்த அந்தக் கொடுமையோடு நம் வீட்டுச் சங்கடங்களைச் சரிசமமாக வைக்க எனக்கு மனம் வராது. ஆனால் அந்த முதலாளியின் வாக்கியம் இருக்கிறதே, அது என் வாயிலிருந்து எத்தனை தடவை வந்திருக்கிறது! ‘நீ வராமலா? உன் வேலையை முடித்துக்கொண்டு வா.’ நந்தனாருக்காவது ஓர் இரவில் பூதகணங்கள் வந்து வயலை முடித்துக் கொடுத்தன. என் வீட்டு அடுக்களைக்கு இன்றுவரை ஒரு பூதமும் வந்ததில்லை.

நம் ஊர்ப் பழைய சாலைகளில் சுமைதாங்கிக் கல் பார்த்திருப்பீர்கள். தோளுயரத்துக்கு இரண்டு கற்களை நட்டு, மேலே ஒன்றைக் கிடத்தியிருப்பார்கள். தலைச்சுமையோடு வருகிறவர், பிறர் உதவி இல்லாமல் இறக்கி வைத்துவிட்டுத் திரும்பத் தூக்கிக்கொள்ளலாம். வயிற்றில் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக அதை நட்டு வைப்பது வழக்கம். உருக்கமான வழக்கம்தான். ஆனால் எனக்கு ஒரு சந்தேகம். அவள் உயிரோடு இருந்தபோது அவள் தலையிலிருந்ததை இறக்கி வைத்தவர்கள் எத்தனை பேர்? செத்தவளுக்குக் கல் நடுகிற இரக்கத்தைவிட, இருக்கிறவளின் பையிலிருந்து இரண்டு கிலோவை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொள்கிறவனின் காரியம் பெரிது என்பது என் அபிப்பிராயம்.

மறுநாள் பட்டியலைக் கிழித்துவிட்டு நான்கு பேருமாக உட்கார்ந்தோம். முதலில் போனது அடுப்பு. அந்த வழியில் இட்லிக்கும் டீக்கும் பஞ்சமில்லை. மரத்தடிச் சமையல் என் கற்பனைக்குத் தேவைப்பட்டதே தவிர, யாருடைய வயிற்றுக்கும் தேவைப்படவில்லை. ஆனால் அடுப்பை எடுத்துவிட்டதால் விவகாரம் தீர்ந்துவிட்டது என்று மார்தட்டிக்கொள்ள முடியாது. ஹோட்டலுக்குக் காசு கொடுத்தால் எடை குறையும், பங்கீடு நடந்ததாகாது. ஆகவே எடைக்கு ஒரு பட்டியல், ஞாபகத்துக்கு இன்னொரு பட்டியல் என்று இரண்டு போட்டோம். மருந்துப் பெட்டி மகனிடம். எந்த மருந்து எதற்கு என்று அவனே படித்துத் தெரிந்துகொள்ள வேண்டும். அவரவர் தண்ணீர் அவரவர் முதுகில். இரண்டு லிட்டர் என்றால் இரண்டு கிலோ. மகளுக்கு மட்டும் ஒரு லிட்டர், மற்றது என்னிடம். பால், கேஸ், பாட்டியின் மாத்திரை, செடி, பூட்டு எல்லாம் என் பெயருக்கு வந்தன. கனமான பொருளை முதுகை ஒட்டி வைக்கவேண்டும், இடுப்புப் பட்டையை இறுக்கினால் பாரம் தோளிலிருந்து இடுப்புக்கு இறங்கும் என்பதெல்லாம் என் பை கனத்த பிறகுதான் எனக்கு அக்கறையான விஷயங்களாயின. மறுபடியும் நிறுத்தோம். என்னுடையது பதின்மூன்று, அவளுடையது ஆறு.

“இப்ப வர்றேன்” என்றாள்.

நாங்கள் நடந்து போகிற ஊரின் மன்றத்துக்குப் பழைய தமிழில் ‘பொது’ என்று ஒரு பெயர் உண்டு. அந்தப் பொதுவுக்குப் போகிறவர்கள் முதலில் இந்தப் பொதுவைச் சரி செய்துகொண்டு போகட்டும். குடும்பத்தோடு நடக்கத் திட்டமிடுகிற ஆண்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவே: வரைபடத்தை எடுக்குமுன் தராசை எடுங்கள்.

அன்று மாலை பைகளோடு மஞ்சக்குப்பத்திலிருந்து தேவனாம்பட்டினம் கடற்கரை வரை ஒத்திகை நடந்தோம். பாதி வழியிலேயே என் தோள் பேச ஆரம்பித்துவிட்டது. என் மனைவி எங்களுக்கு முன்னால் வெகுதூரம் போய்க்கொண்டிருந்தாள். எந்தத் தெருவில் நடந்தாலும் அவள் இப்படி முன்னால் போய் நான் பார்த்ததில்லை. மணலில் உட்கார்ந்து, கையில் எதையும் வைத்துக்கொள்ளாமல், கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இருட்டத் தொடங்கியது.

“அம்மா, டார்ச் எங்கே?” என்றான் மகன்.

அவள் திரும்பவில்லை.

“அது பொதுச் சாமான். அப்பாவைக் கேளு.”