லங்கோடா, டயப்பரா? யாரு துவைக்கிறதுன்னு முதல்ல சொல்லுங்க

குழந்தை பொறந்த வீட்ல பேர் வைக்கிறதுக்கு அடுத்தபடியா அதிகமா சண்டை நடக்கிறது இதுக்குத்தான். "துணிதான் கட்டணும்"னு பெரியவங்க ஒரு கட்சி. "டயப்பர் இருக்க எதுக்கு இந்தப் பாடு"ன்னு எதிர்க்கட்சி. எங்க பொண்ணுக்கு ஆறு மாசம், சென்னையில மூணாவது மாடி வீடு. ரெண்டையும் கட்டிப் பார்த்துட்டு இருக்கோம்ங்கிற தகுதியில கொஞ்சம் பேசிக்கிறேன் :-)

துணியோட நல்லதை முதல்ல சொல்லிடறேன். பழைய வேட்டியைக் கிழிச்சு முக்கோணமா மடிச்சா செலவே இல்ல. காத்தோட்டமா இருக்கும். நனைஞ்சா உடனே தெரிஞ்சிடும். இதைப் போய் குறைன்னு சொல்றாங்க, என்னைக் கேட்டா அதுதான் லாபமே. முதல் வாரத்துக்கு அப்புறம் பச்சக்குழந்தை ஒரு நாளைக்கு ஆறு தடவையாவது ஒண்ணுக்குப் போகணும், அப்பதான் பால் பத்துதுன்னு அர்த்தம். துணின்னா எண்ணிடலாம். டயப்பருக்குள்ள இருக்கிற சோடியம் பாலிஅக்ரிலேட் ஈரத்தையெல்லாம் உறிஞ்சி ஜெல்லா மாத்திடும், தொட்டா ஒண்ணும் தெரியாது. அந்த நம்பிக்கையில மாத்தாம விட்டாத்தான் தோல் செவந்து போகுது.

அதுக்காக "சுற்றுச்சூழலுக்கு துணிதான்"னு கண்ணை மூடிட்டு அடிச்சு விடாதீங்க. பிரிட்டன் சுற்றுச்சூழல் முகமை 2008-ல ஒரு கணக்கு போட்டாங்க. ஒரு குழந்தைக்கு ரெண்டரை வருஷத்துக்கு டயப்பர்னா சுமார் 550 கிலோ கார்பன், துணின்னா 570! காரணம் வெந்நீரும் மெஷினும் டிரையரும். கொடியில காயப்போட்டு, மெஷினை நிறைச்சு ஓட்டி, அடுத்த குழந்தைக்கும் அதையே கட்டினா 200 கிலோ குறையும்னும் சொல்லியிருந்தாங்க. நமக்கு வெயில் ஓசி, சரி. தண்ணி? 2019 கோடையில பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் எல்லாம் வறண்டப்போ லாரிக்கு குடத்தோட நின்னவங்ககிட்ட இந்த அறிவுரை எடுபடுமா?

டயப்பர் மட்டும் யோக்கியமா? அதுல பாதிக்கு மேல பிளாஸ்டிக் சமாச்சாரம், மக்காது. தனியா சுத்திக் கொடுக்கணும்னு 2016 திடக்கழிவு விதிகளே சொல்லிச்சு. நாம காய்கறித் தோலோட சேர்த்துப் போட்டா, துப்புரவுத் தொழிலாளர் கையாலதான் பிரிக்கணும்.

ஆக, ரெண்டுலயும் நம்ம குழந்தையோட அழுக்கு இன்னொருத்தர் கைக்குத்தான் போகுது. டயப்பர்னா குப்பை அள்றவர். துணின்னா பாட்டி, இல்லேன்னா சரியா தூங்கியே மூணு மாசம் ஆன அம்மா. துணியோட பெருமையை ஹால்ல உக்காந்து பேசுற ஆம்பளைங்க எத்தனை பேர் பக்கெட் பக்கம் போறோம்? மெயின்டனன்ஸ் யாருன்னு முடிவு பண்ணாம டிசைனை மட்டும் ஓகே பண்ற மேனேஜர் மாதிரிதான் இது.

எங்க வீட்டு ஏற்பாடு: பகல்ல துணி. ராத்திரியும் வெளிய போறப்பவும் டயப்பர், பேப்பர்ல சுத்தி தனிப் பை. ஐப்பசி மழையில துணி காயலைன்னா குற்ற உணர்ச்சி இல்லாம பகல்லயும் டயப்பர். துவைக்கிறது நான், ஆபீஸ் கிளம்புறதுக்கு முன்னாடி. மலத்தை முதல்ல டாய்லெட்ல தட்டிட்டு ஊற வைங்க. வாசனைக்காக மென்மையாக்குற திரவம் எதையும் ஊத்தாதீங்க, அப்புறம் துணி ஈரத்தை உறிஞ்சாது.

துணி நல்லதுதான், சந்தேகமே இல்ல. ஆனா அதைச் சொல்ற உரிமை துவைக்கிறவங்களுக்கு மட்டும்தான். அப்பாக்களே, உங்க வீட்ல யாரு? உண்மையைச் சொல்லுங்க பார்ப்போம் ;-)